மாமாவின் காதும் என் வாய்பாடும்

எங்கள் மாமாவிடம் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் "டொக்டர்தான்" என்பார். கேட்டவர் அவருடைய சாரனையும் காய்த்துப்போன கைகளையும் பார்த்துச் சந்தேகப்படுவதற்குள், "மலைக்கு மருந்து வைக்கிற டொக்டர்" என்று முடித்துவிடுவார். அம்பாறைக்கு அப்பால் ஒரு கல்மலையில் குழி துளைத்து, மருந்தடைத்து, திரி வைத்து வெடிக்கச் செய்வதுதான் அவருடைய வேலை. சனிக்கிழமை காலையில் போனால் வியாழன் மாலை புருவமெல்லாம் கல்தூளோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். உம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகாததால் மருதமுனையில் எங்கள் வீடுதான் அவருக்கும் வீடு. எனக்கு அப்போது எட்டு வயது. உலகத்திலேயே எனக்கு ஆகப் பிடித்த ஆள் அவர்தான். வாப்பாவுக்கும் இது தெரியும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமாவின் வேலையில் மருந்து வைப்பதைவிட எண்ணுவதுதான் பெரிய காரியம். பத்துக் குழியில் மருந்து அடைத்தால் பத்துச் சத்தம் கேட்க வேண்டும். ஒதுங்கி நின்று அதை எண்ணுவது அவர் பொறுப்பு. பத்தும் கேட்டுவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு விசில் ஊதுவார். அந்த விசிலுக்குப் பிறகுதான் மற்றவர்கள் கல் அள்ள இறங்குவார்கள். ஒன்பதுதான் கேட்டது என்றால் விசில் கிடையாது. ஒரு குழி இன்னும் தூங்குகிறது என்று அர்த்தம். இதை அவர் எனக்குச் சோற்றுப் பீங்கானில் மிளகாய்த் துண்டுகளை வரிசையாகக் குத்திவைத்து விளக்கியிருக்கிறார். "ஒண்டு கொறஞ்சாலும் கொறஞ்சதுதான், வெளங்குதா?" என்று கேட்டுவிட்டு, கடைசி மிளகாயை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து பயம் காட்டுவார்.

எங்கள் வீட்டு முன் கூடத்தில் மூன்று கைத்தறிகள் இருந்தன. ஒன்றில் உம்மா, இன்னொன்றில் வாப்பா. மூன்றாவது ஆள் கிடைக்கும்போது ஓடும். தறிகள் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிவீட்டு ஆட்கள் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கதைப்பார்கள். தறிக்கதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். உம்மா தறியில் இருந்தபடியே "உலையப் பாரு" என்று உதட்டால் சொல்ல, குசினி வாசலில் நிற்கும் எனக்கு விளங்கும். ஊரிலுள்ள அத்தனை வம்பும் எங்கள் வீட்டில் இப்படி ஒரு சொல் வெளியே கேட்காமல் அலசப்பட்டது.

மாமாவும் இதே தறிகளுக்கு நடுவில் வளர்ந்தவர். அவரோடு கதைக்க வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே போய் நின்று கதைப்போம். எல்லோரோடும் அப்படித்தான் கதைத்தோம் என்பதால் யாருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. ஃபோன் அடித்தால் மட்டும் எடுக்க மாட்டார். மெசேஜ் போட்டால் உடனே பதில் வரும். "தொரைக்கு வாய் நோகுமாம்" என்று உம்மா ஏசுவார்.

அந்த வருடம் மாமாவின் வேலைத்தளத்தில் புதிதாக ஒரு கட்டளை வந்தது. மருந்து வைக்கிறவர்கள் கண்ணும் காதும் நல்லது என்று டொக்டரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் வேலை இல்லை. முன்னாலேயே போய் வந்த ஒருவர் மாமாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார். டொக்டர் பின்னால் நின்றுகொண்டு மெல்லிய குரலில் இலக்கங்கள் சொல்வாராம். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம்.

வியாழன் மாலை மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"மருமகள், நாங்க ரெண்டு பேரும் டொக்டருக்கு ஒரு வெளையாட்டுக் காட்டுவமா? அவரு பின்னால நிண்டு சொல்றத நீங்க எனக்கு முன்னால இருந்து தறிக்கதையில சொல்லணும். உம்மாக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

எனக்கு அதுவரை இப்படியொரு மரியாதை யாரிடமும் கிடைத்ததில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. மாமாவுக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது வாப்பாவும்தான் திரும்ப மாட்டார். வாய்பாட்டுக் கொப்பியைக் கொண்டுபோகலாம் என்பது என் யோசனை. கொப்பியை மடியில் விரித்துவைத்து இலக்கங்களை முணுமுணுக்கிற பிள்ளையை யார் சந்தேகிப்பார்கள்? மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "ஷைத்தானுக்கே பாடம் எடுப்பீங்க" என்றார். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, கொப்பி வாங்கப் போவதாக உம்மாவிடம் சொல்லிவிட்டுக் கல்முனைக்கு பஸ் ஏறினோம். டொக்டர் வயதானவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதை மேசையில் தேடுகிறவர். மாமாவை ஸ்டூலில் உட்காரவைத்து, நான் எதிரில் வாய்பாட்டோடு இருப்பதைப் பார்த்து, "நல்ல புள்ள" என்றார். பிறகு மாமாவின் முதுகுப் பக்கம் போய் நின்று, ஒரு காதைக் கையால் பொத்தி, "இருவத்திநாலு" என்றார். நான் உதட்டை அசைத்தேன். மாமா கொஞ்சம் யோசிப்பதுபோல் நடித்து, "இருவத்திநாலு" என்றார். பதினேழு, அறுபது, முப்பத்தொன்று எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

அடுத்த காதுக்கு வந்தபோது டொக்டர் "எம்பது" என்றார். நான் சொன்னேன். மாமா "அம்பது" என்றார்.

அம்பதும் எம்பதும் தறிவீட்டில் பழைய தகராறு. உதட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒருமுறை உம்மா எம்பது என்றதை வாப்பா அம்பது என்று எடுத்து, ஒரு சேலைக்கு ஏற்றிய நூல் முழுவதையும் பாழாக்கியிருக்கிறார். ஆனால் டொக்டர் இன்னும் இரண்டு இலக்கங்கள் சொல்லிப் பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பினார். "ஒரு பிழை வாறது வழமதான். பரவாயில்ல" என்று சொல்லிக் கடிதத்தில் கையொப்பம் போட்டார்.

ரவுன் கடைத்தெருவில் ஒரு கூல்பார் கடைக்குப் போனோம். எனக்கு ஃபலூடா வந்தது. மாமா கடிதத்தை எடுத்துப் பார்ப்பதும் சட்டைப்பைக்குள் வைப்பதுமாக இருந்தார். வென்ற ஆளின் முகமாக அது இல்லை. "நான்தான் சரியாச் சொல்லல்லையா மாமா?" என்று கேட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க மகள்" என்றார். பிறகு, "இந்தக் கொப்பியால வாயப் பொத்திக்கிட்டு என்னவாலும் ஒண்டு சொல்லுங்க, பாப்பம்" என்றார்.

பொத்திக்கொண்டு "மாமா" என்றேன். அவர் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதற்கும் ஒன்றுமில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு, "மாமா, எனக்கு உங்களத்தான் ஆகவும் விருப்பம்!" என்று கத்தினேன்.

"இன்னொரு ஃபலூடாவா?" என்றார் மாமா, சிரித்துக்கொண்டு.

ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது. அவர் கடைப்பையனைக் கூப்பிடத் திரும்பினார். கடையிலிருந்த அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிரித்தபடி கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டிருந்தார். நான் எவ்வளவு சத்தம் போட்டேன் என்பதை மாமா அந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இரண்டாவது ஃபலூடா வந்தது. அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை கடிதத்தோடு வேலைக்குப் போனவர், ஞாயிறு பகலே பையும் பாயுமாக வந்து நின்றார். உம்மா தறியை நிறுத்தவில்லை. மாமா அவர் முன்னால் போய் நின்று, குரலில்லாமல் ஏதோ நீளமாகச் சொன்னார். முதுகு என் பக்கம் இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உம்மாவின் தறி நின்றது. பிறகு வாப்பாவின் தறியும் நின்றது. உம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நடுவில் மாமாவின் தலையில் ஒரு குட்டும் வைத்தார். அடுத்த நாள் மாமா மூன்றாவது தறியில் ஏறி உட்கார்ந்தார்.

என் எம்பதால்தான் மாமாவுக்கு வேலை போய்விட்டது என்று நான் முடிவு செய்தேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது தவறக் கூடாது என்று, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று "எ"வுக்கு உதட்டை எவ்வளவு அகட்டுவது என்று பழகினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, மலையடியிலேயே குடியிருந்து அங்கே வேலை செய்கிற ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கூடவே என் வயதில் ஒரு மகள். மாமா விசில் ஊதியதும் முதல் ஆளாகக் கீழே இறங்குகிறவர் அவர்தான் என்று உம்மாவிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"உங்கட விசில் இல்லாம எங்களுக்கு எறங்க மனமில்ல" என்றார் மாமாவிடம். "டொக்டரே காது நல்லம் எண்டு எழுதித் தந்திரிக்காரு. மறுகா என்ன?"

"எழுதினவருக்கு அது போதும்" என்றார் மாமா. "எனக்குப் போதாது."

வந்தவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமா வாழைப்பழத்தை உரித்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, அவளைத் தனக்கு நேரே உட்காரவைத்துக்கொண்டார்.

"வாப்பா வேலையால எத்தன மணிக்கு வருவாரு?"

"அஸருக்குப் பொறகு."

"வாசல்ல நிண்டு பாப்பீங்களா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் நிப்பன்."

மாமா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் தலையைத் தடவினார். கை தலையிலேயே இருந்தது.

தறிக்குப் பின்னால் நின்ற எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுடைய உதடு என்னுடையதைவிடத் தெளிவாக அசைந்தது. அடுத்த முறை டொக்டரிடம் மாமா அவளைத்தான் கூட்டிக்கொண்டு போகப் போகிறார். அவர்கள் போன பிறகு மாமா என்னைத் தேடிக் கிணற்றடிக்கு வந்தார். என்ன மருமகள், ஏன் முகம் இப்படியிருக்கிறது என்று கேட்டார். நான் திரும்பி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, "உங்களோட நான் கோவம்" என்று மூன்று தரம் சொன்னேன். அவர் ஒரு பதிலும் சொல்லாமல் நின்றதால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.