இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒரு கீச்சு

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அந்த மனுஷனுக்குத் தெருவில் திருகு என்று பெயர். கண்ணில் படுகிற குமிழையெல்லாம் திருகிப் பார்க்காமல் இருக்க மாட்டான். விருந்துக்குப் போன வீட்டு ரேடியோவைக்கூட விட்டுவைத்ததில்லை. சோறு போடுவது லென்ஸ் என்றாலும் அவன் உயிர் இருப்பது பாட்டைக் கலப்பதில். படுக்கையறையே ஸ்டூடியோ. சுவரில் சாய்த்து நிறுத்திய பழைய மெத்தை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், அவ்வளவுதான். மெட்டுப் போடுகிறவன் மச்சினன். பாடுகிறவள் மனைவி. எதிரொலி வராமல் இருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவாள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்தால் பாட்டு வராது, சிரிப்புத்தான் வரும்.

புதுப் பாட்டுக்கு எந்தக் கம்ப்ரஸ்ஸர் பொருந்தும் என்று சோதிக்க, அன்று மத்தியானம் உட்கார்ந்தான். கம்ப்ரஸ்ஸர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு மென்பொருள்தான். எகிறுகிற சத்தத்தை அது தலையில் தட்டி உட்காரவைக்கும். பிறகு மொத்தத்தையும் தூக்கிவிட்டால், அதுவரை மூலையில் கிடந்த சின்னச் சத்தங்கள் எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடும். இதைச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. எது சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது ஏமாந்துபோகும். ஆகையால் போட்டதையும் போடாததையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிட வேண்டும். இதில் திருகு படு கறார். தன் காதைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

முதல் கம்ப்ரஸ்ஸரை வேண்டுமென்றே அழுத்தமாக வைத்துக் கேட்டான். ஒரு வரி முடிந்தது. அடுத்த வரிக்காக அவள் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சின் நுனியில், கதவு இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி, மெல்லிசாக ஒரு கீச்சு.

சனியன், இந்த மென்பொருளில்தான் கோளாறு என்று அடுத்ததைப் போட்டான். அதிலும் கீச்சு. அதற்கு அடுத்ததிலும் கீச்சு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் குரலை மட்டும் தூக்கிக் கேட்டான். அங்கேயும் இருந்தது. இனிப் பழியைப் போட மைக் ஒன்றுதான் பாக்கி. தானே அலமாரிக்குள் தலையை விட்டு நாலு மூச்சு இழுத்துப் பதிவு செய்தான். சுத்தமாக இருந்தது. போன வருஷத்துப் பாட்டு ஒன்றைத் தேடி எடுத்தான். அதே மைக், அதே அலமாரி, அவளேதான் பாடியிருந்தாள். அதில் கீச்சு இல்லை.

அப்படியென்றால் கோளாறு மைக்கில் இல்லை, அவள் மூச்சில்.

புதுப் பாட்டிலிருந்து அந்த மூச்சை மட்டும் வெட்டி மச்சினனுக்கு அனுப்பினான். என்ன ஏது என்று எதுவும் எழுதவில்லை. உடனே போன் வந்தது.

"மாமா, இது அக்காவா?"

"ஆமா. கம்ப்ரஸ்ஸர்ல ஏதோ கோளாறுன்னு பார்க்கிறேன்."

மச்சினன் அந்த மூச்சை மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது போனிலேயே கேட்டது.

"அம்மா கடைசியில இப்படித்தான் மூச்சு விட்டாங்க மாமா. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

திருகு போனை வைத்தான். எப்போது தொடங்கியிருக்கும்? நடுவில் செய்த பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். எந்த வரிக்கு நடுவிலும் மூச்சே இல்லை. எப்படி இருக்கும்? வெட்டிப் போட்டவன் அவன்தானே. கொஞ்ச மாதங்களாகவே, பாடி முடித்ததும் அவள் பின்னால் வந்து நின்று, "மூச்சுச் சத்தத்தையெல்லாம் வெட்டிடுங்க, அசிங்கமா இருக்கு" என்று சொல்வாள். இவனும் சமர்த்துப் பிள்ளையாக ஒன்றுவிடாமல் வெட்டி, எவ்வளவு சுத்தம் பார் என்று அவளிடமே பீற்றிக்கொண்டிருக்கிறான். இந்தப் பாட்டில் இன்னும் கத்தரி வைக்கவில்லை, அதனால் காதில் விழுந்தது. மடையன், மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டான். வாயைத் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை. ஹெட்போனை அவள் தலையில் மாட்டி ஓடவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு சத்தமாவா இருக்கு?" என்றாள்.

"இல்ல. நான் தூக்கி வச்சிருக்கேன்."

"இறக்கிடுங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "மாடி ஏறினா வருது. இப்பல்லாம் படுத்தாலும் வருது."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க. எங்கம்மாவும் நல்லா நடந்துதான் அங்க போனாங்க." கொஞ்சம் பொறுத்து, "பயமா இருக்குங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்றான் அவன்.

அதன்பின் கெஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். அடுத்த வாரம், பாட்டு முடியட்டும், தம்பி வரட்டும் என்று அவள் நழுவிக்கொண்டே இருந்தாள். அவனுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ, ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஒற்றை மூச்சை ஸ்பீக்கரில் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். நீ கிளம்புகிறவரை நிறுத்த மாட்டேன் என்றான். அறை முழுக்கக் கீச்சு, கீச்சு என்று அவளே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள்.

டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். மேலே வைத்தார், பக்கவாட்டில் வைத்தார். பிறகு வலப்பக்கம் கொஞ்சம் கீழே ஓர் இடத்தில் வைத்து எடுத்தார். மறுபடி அதே இடத்தில் வைத்தார். எதுவும் காதில் விழாதவன் ஒரே இடத்துக்குத் திரும்பி வர மாட்டான் என்பது திருகுக்குத் தெரியாதா என்ன? எல்லாம் தன் காதின் பிரமை என்று இந்த டாக்டர் சிரித்து, இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தவன் அவன்.

"உங்களுக்கும் கேக்குதா டாக்டர்?"

"கேக்குது" என்றார் அவர். "நாளைக்குக் காலையில வாங்க. ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

அவள் கணவனின் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குன்னா நான் வர மாட்டேன் டாக்டர். இப்பவே எடுத்துடுங்க."