ரேடியேட்டருக்குக் கொடுக்காத தண்ணீர்

போன வாரம் அண்ணன் மகனின் காரை சர்வீசுக்கு விட்ட இடத்தில் நானும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, பிளாஸ்டிக் கேனிலிருந்து பச்சை நிறத்தில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். இருமல் மருந்து மாதிரி தித்திப்பான வாசனை. "தண்ணி ஊத்த மாட்டீங்களா?" என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்ணியே ஊத்தக் கூடாது பாட்டி. இது கூலண்ட். ஒரு தபா ஊத்திட்டா ரெண்டு மூணு வருஷத்துக்குத் தொறந்தே பாக்க வாணாம்."

திறந்தே பார்க்க வேண்டாமாம்! ஒரு காலத்தில் என் சோற்றுப் பானையின் மூடியைவிட அதிக தடவை ஒரு காரின் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தவள் நான். கார் ஓட்ட அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் என்ஜின் கொதித்தால் ஈரச் சாக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் திருகி ஆவியை விட வேண்டும் என்பது தெரியும். முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. முகத்தை மட்டும் திருப்பிக் கையைத் திருப்பாத நாளில் வந்தது.

நான் நர்ஸ். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆனபோது, திருவொற்றியூரில் ஒரு சிறிய தர்மப் பிரசவ விடுதியில் முதல் வேலை. ஆறு கட்டில், ஒரு ஆயா, ஒரு கார். அந்தக் கார் யாரோ ஒரு தோல் வியாபாரி, விற்கப் பார்த்து விலை போகாததால் தானமாகக் கொடுத்தது. யுத்தத்துக்கு முந்தைய கறுப்பு வண்டி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு ஆள் படுக்கிற மாதிரி பலகை போட்டிருந்தார்கள். எங்கே நின்றாலும் மூக்கிலிருந்து ஆவி வரும். தேரடியில் இருந்தவர்கள் அதற்கு 'டீக்கடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது வந்து நின்றால், "ரெண்டு ஸ்ட்ராங்கா போடு பாய்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

பாய் என்பது டிரைவர் இஸ்மாயில் பாய். ராயபுரத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கோழி இறகு வைத்திருப்பார். எண்ணூர்ச் சாலையில் போய் வந்தால் ரேடியேட்டரின் கண்களிலெல்லாம் மணலும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும். குந்தி உட்கார்ந்து, அந்த இறகால் ஒவ்வொரு வரிசையாகத் தட்டி எடுப்பார். மாதம் ஒரு முறை வண்ணாரப்பேட்டையிலிருந்து சலவை சோடா வாங்கி வந்து, கரைத்து உள்ளே ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, கீழ்த் திருகைத் திறப்பார். துருவும் சுண்ணாம்புமாகச் செம்மண் குழம்பு கொட்டும். அந்த வாசனை இருக்கிறதே, சூடான இரும்பும் சோடாவும் சேர்ந்தது, அது எங்கள் விடுதியில் தரை கழுவும் லைசால் வாசனையோடு சண்டை போடும்.

சண்டை என்றதும் சொல்ல வேண்டியது எங்கள் சண்டை. விடுதிக் கிணறு உப்பு. வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் மாட்டு வண்டியில் பீப்பாயாக வரும், அளவாகத்தான் தருவார்கள். அதை விறகடுப்பில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பித்தளைத் தவலையில் மூடிவைப்பது என் வேலை. தாய்க்கும் பிள்ளைக்கும் அதுதான். பாய் என்ன செய்வார் என்றால், நான் அந்தண்டை போனதும் இந்தண்டை வந்து, தவலையிலிருந்து ரெண்டு குடம் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றிவிடுவார்.

"பச்சப்புள்ளைக்கு வெச்ச தண்ணிய வண்டிக்கு ஊத்தறீங்களே பாய், நியாயமா இது?" என்று கத்துவேன்.

கொதிக்கவைக்கிற பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டிக் காட்டுவார். "இத்த பாருங்க நர்சம்மா. நல்ல தண்ணியிலயே இம்மாம் உப்பு கீது. கொதிச்ச தண்ணின்னா உப்பு இங்கயே நின்னுடும். கெணத்துத் தண்ணிய ஊத்துனா அத்தினியும் வண்டி வவுத்துல போயி ஒட்டிக்கும். அப்பால ஒரு நாளு நடுரோட்ல படுத்துக்கும். பேஜாரா பூடும்."

ஒரு நாள் இரண்டு பிரசவம் அடுத்தடுத்து. தவலையைத் திறந்தால் அடியில் ஒரு சொம்பு தண்ணீர். அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி, தவலை இருந்த அலமாரிக்குப் போட்டுவிட்டேன். சாவி என் இடுப்பில். பெரிய கோட்டையைப் பிடித்த மாதிரி நடை வேறு. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதுதான் சிக்கலே.

ஒரு மாதம்போல் பாய் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை நிறுத்தி, கிணற்று நீரையே ஊற்ற ஆரம்பித்தார். மாதம் ஒரு முறை போட்ட சோடாவை வாரம் ஒரு முறை போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 'வண்டி ஓடுகிறதே' என்று எனக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு.

அந்தக் கோடையில் ஒரு நாள் காலை, எண்ணூர் தாண்டி நெட்டுக்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. அஞ்சலை என்ற பெண்ணுக்கு முதல் நாளிலிருந்து வலி. போய்ப் பார்த்தால் குழந்தை குறுக்கே கிடக்கிறது. ஒரு கை வெளியே வந்திருந்தது. சின்ன விரல்கள், நீலம் பாய்ந்து. இது என் கையில் ஆகிற காரியமில்லை. எங்கள் விடுதியையும் தாண்டி ராயபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாக வேண்டும். தொப்புளுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். குழந்தையின் நாடி நன்றாகவே இருந்தது. அஞ்சலையைப் பலகையில் படுக்கவைத்து, பக்கத்தில் அவள் மாமியாரை உட்காரவைத்துக் கிளம்பினோம். உச்சி வெயில்.

எண்ணூர்ச் சவுக்குத் தோப்பைத் தாண்டுவதற்குள் வண்டி கொதித்துவிட்டது. கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விட்டுவிடும், அப்புறம் வண்டி இல்லவே இல்லை. ஆறும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, வண்டி நின்னுகினே கீது? எம் மருமவ கத்துறது காதுல வுயல?" என்றாள். பாய் தன் சட்டையைக் கழற்றி ரேடியேட்டருக்கு விசிறிக்கொண்டிருந்தார். சாலையில் வந்த ஒரே வண்டி ஒரு உப்பு மூட்டை மாட்டு வண்டி. எங்களைவிட மெதுவாகப் போயிற்று.

தீப்பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்தில் மறுபடி நின்றது. மறுபடி ஆறவிட்டு, ஒரு வழியாகத் திருவொற்றியூர் விடுதி வாசலில் நிறுத்தினோம். நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, தவலைத் தண்ணீர் முழுவதையும் குடம் குடமாகக் கொண்டுவந்தேன். ஓடிய அவசரத்தில் பாதி என் புடவையில். பாய் வாங்கி ஊற்றினார். குரலைத் தாழ்த்தி, மாமியார் காதில் விழாதபடி சொன்னார்: "இப்போ எத்த ஊத்தியும் பிரயோஜனம் இல்ல நர்சம்மா. குயாயெல்லாம் உப்பு அட்சிகினு கீது. ஓடற வரிக்கும் ஓட்றேன். நீங்க அவங்களப் பாருங்க."

அதற்கப்புறம் இரண்டு முறை நின்றோம். கடைசியாக நின்ற இடத்தில் நான் மறுபடி காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபக்கம் வைத்துக் கேட்டேன். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொயந்த நல்லா கீதாக்கா?" என்றாள். "இருக்கு, இருக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அஞ்சலையைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. நல்ல எடை, நிறைய முடி. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ரெண்டு பேரும் பொழச்சிருப்பாங்க. ஏன் லேட்டு?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அலமாரியின் சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். திறக்கவில்லை.

கதவோரம் நின்ற பாய்தான் பேசினார். "எந் தப்பும்மா. காலைல தண்ணி பாக்காத எட்துகினு வந்துட்டேன்." மாமியார் அங்கேயே உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று திரும்பும்போது கேட்டேன். "வண்டி என்னுது தான நர்சம்மா" என்றார். அவ்வளவுதான். பத்து நாளில் விடுதிக் கமிட்டி கூடி அவரை நிறுத்திவிட்டது. என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். எனக்கு அது முதல் வேலை, ஊரில் அப்பா படுத்த படுக்கை, இப்படியெல்லாம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். 'டிரைவர் சொன்னதுதான்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் அவர் துறைமுகத்தில் லாரி ஓட்டப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். புது டிரைவருக்குத் தினமும் நானே இரண்டு குடம் வெந்நீர் ஆறவைத்துக் கொடுத்தேன். அவர் என்னை ரொம்ப நல்லவள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அஞ்சலை எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, வாரம் தவறாமல் கூடையில் மடவை மீன் கொண்டுவந்து கொடுப்பாள். எண்ணூர்க் கழிமுகத்து மடவை, அவ்வளவு ருசி. காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். "நீ இல்லாங்காட்டி நானும் பூட்டிருப்பேன்க்கா. அந்தப் பாவி டிரைவரு மட்டும் ஒயுங்கா இருந்திருந்தா எம்புள்ள இன்னிக்கி ஓடிகினு இருந்திருக்கும். அவன் வெளங்கவே மாட்டான்" என்பாள். மகளுக்கு எத்தனை வயது ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் கணக்குச் சொல்வாள். நான் கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். பதினோரு வருஷம் அப்படி வாங்கினேன். குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

விடுதி இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் குடியிருப்பு. சவுக்குத் தோப்பு போய், மாட்டு வண்டித் தண்ணீர் போய், கழிமுகத்தில் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் சுடுநீரும் கலந்து மடவையும் அருகிப்போய்விட்டது. பாய் காலமாகி முப்பது வருஷம் இருக்கும். டாக்டரம்மா, கமிட்டிக்காரர்கள், அந்த மாமியார், ஒருவரும் இல்லை. அஞ்சலையும் போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள். சாவுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகன் என் காலில் விழுந்து, "எங்கம்மா உங்களத்தான் தெய்வம்னு சொல்லிகினு இருக்கும்" என்றான். எழுந்திருப்பா என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன், அப்போதும் பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை.