கயிற்றில் கட்டிய கூரை

பொகவந்தலாவை கடைத்தெருவில் முச்சக்கரவண்டிகளுக்குக் கூரைத்துணி தைப்பது என் தொழில். படகுக்குக் கூரை போட்டது இரண்டே தடவை. இரண்டும் ஒரே படகுக்குத்தான்.

முதல் தடவை படகின் சொந்தக்காரரே வந்தார். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, நீர்த்தேக்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். மழையில் யாரும் ஏறுவதில்லை, உடனே கூரை வேண்டும் என்றார். குழாய்ச் சட்டத்தைப் படகின் விளிம்பில் முடுக்க நீளமான போல்ட் தேவைப்பட்டது. என்னிடம் அது இல்லை. சட்டத்தின் நான்கு கால்களையும் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இப்போதைக்குத் தாங்கும், அடுத்த கிழமை வந்தால் போல்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. அவருடைய சாவுச் செய்திதான் வந்தது. பலத்த காற்றில் கூரை ஒரு பக்கம் கிளம்பியிருக்கிறது. தனியாக இருந்தவர் எழுந்து அதைப் பிடிக்கப்போய்த் தண்ணீரில் விழுந்துவிட்டார். கால் வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கரையில் ஒதுங்கிய சட்டத்தில் என் முடிச்சு ஒன்று அவிழாமல் தொங்கியதை நான் பார்த்தேன். மற்ற மூன்றும் அவிழ்ந்திருந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தார். அக்கரையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களைத் தானே அதே படகில் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார். வேறு ஆளைப் பார்க்கச் சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லண்ணே, நீங்களே போடுங்க. போன தடவ கயித்துல கட்டினீங்க. இந்தத் தடவ போல்ட் போடுங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் ஹட்டனுக்குப் போய் போல்ட் வாங்கி வந்தேன். கரையில் வைத்தே விளிம்பைத் துளைத்து, அடியில் பலகைத் துண்டு கொடுத்து, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு நட் போட்டு முடுக்கினேன். காற்று அதிகம் பிடிக்காதபடி கூரையைத் தாழ்த்தினேன். துணியைச் சட்டத்தோடு பட்டிகளால் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும்படி வைத்தேன்.

"பெரிய காத்து வந்தா துணியப் பிடிக்காதீங்கம்மா. பட்டிய இழுத்து விட்டுருங்க. துணி போனா நான் வேற தைச்சுத் தாறேன்."

அவர் பட்டியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இத அவருகிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா விட்டிருப்பாரு."

கழன்ற பட்டியை மறுபடி மாட்டினேன்.

சோதித்துப் பார்க்க இருவரும் படகைத் தண்ணீரில் இறக்கி ஏறிப் போனோம். நடுவே போனதும் காற்று வந்தது. துணி உப்பி அடித்தது, சட்டம் அசையவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் யாரோ எழுந்து நின்றதுபோலப் படகு லேசாகச் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்பக்கம் உட்காரும் பலகையில் யாரும் இல்லை. அந்த அம்மாவும் துடுப்பை நிறுத்தி அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு படகைக் கரைப் பக்கம் திருப்பினார்.

அந்த அம்மா இப்போதும் படகு ஓட்டுகிறார். கூரை உறுதியாகத்தான் இருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். பஸ் அந்தப் பக்கமாகப் போகும்போது தண்ணீர் தெரியாத இருக்கையாகப் பார்த்து உட்காருகிறேன்.