குற்றாலச் சாரலில் மசூதின் ஜாஸ் செட்டு

தென்காசி நெசவுத் தெருவில் எத்தனையோ தறி ஓடியது. ஆனால் மசூது தறிக்குழியில் இறங்கிவிட்டால் போகிறவர்கள் நின்றுவிட்டுத்தான் போவார்கள். காலால் மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிப்பது, கையால் நூல் சுற்றிய நாடாவை எறிவது, பலகையை இழுத்து அடிப்பது, இதெல்லாம் எல்லாரும் செய்கிற வேலைதான். அவன் செய்தால் அதில் ஒரு துள்ளல் வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி ஒழுங்காக வந்ததா என்பது வேறு கதை. "சேலை நெய்யச் சொன்னா இவன் கச்சேரில்லா நெய்யுதான்" என்று உம்மா ஹைருன் பீவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம் அவனைக் கொழும்புக்குக் கப்பலேற்றினார்கள். புறக்கோட்டையில் மாமா ஜவுளிக்கடை வைத்திருந்தார். போன புதிதில் ஒருநாள், கடலோரத்துப் பெரிய ஹோட்டலுக்கு மேஜைத்துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனான் மசூது. நடனக்கூடத்தில் பகல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கோவாக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்த ஜாஸ் செட்டு. ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு பக்கம் ஓடியது; எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் பின்னால் ஒருவன் முக்காலியில் உட்கார்ந்து, வலது காலால் பெரிய டிரம்மை மிதித்தான், இடது காலால் இரண்டு தாளத்தட்டுகளை மோதவிட்டான், இரண்டு கையும் தனியாக வேறு கணக்குப் பேசின.

மசூதுக்குத் தலையில் இருந்த கட்டை இறக்கத் தோன்றவில்லை. "யா அல்லா! இவன் தறில்லா ஓட்டுதான்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு ஹோட்டலுக்குத் துணி போட யாரும் அவனை ஏவ வேண்டியிருக்கவில்லை. வாத்தியக்காரர்கள் தேநீர் குடிக்கப் போகிற இடைவெளியில் முக்காலியில் ஏறி மிதித்துப் பார்ப்பான். அடி வாங்கவும் தயாராகத்தான் இருந்தான். டிரம் அடித்தவனுக்கு பம்பாயில் நல்ல இடம் கிடைத்துப் போய்விட்டபோது, செட்டுத் தலைவர் தொமிங்கோ இவனைக் கூப்பிட்டார். "நான் இல்லாதப்போ அடிக்கிறது நீதானே? இப்போ நான் இருக்கும்போது அடி."

அடித்தான். மறுவாரம் மேஜைத்துணிக்காரன் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

மாமா ஒரு மாதம் அவனைக் கடைக்குள் விடவில்லை. பிறகு ஒருநாள் ஹோட்டல் வாசலோரம் நின்று கேட்டுவிட்டுப் போனார். கொஞ்ச காலத்தில் தன் மகள் மெஹர் பானுவையே நிக்காஹ் செய்துகொடுத்தார். அவளுக்குக் காது கூர்மை. கட்டில் விளிம்பில் அவன் குச்சியால் தட்டிப் பழகும்போது அடுப்படியிலிருந்து குரல் வரும்: "மச்சான், தாளத்துல நடுவுல ஓடுதிய. யாரு விரட்டுதா?"

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். ஹோட்டலில் ஆட்டம் நின்றது. ஊரே படகுக்கு ஓடியபோது, மசூது மனைவியையும் டிரம் செட்டையும் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடியில் இறங்கினான். சுங்கத்தில் இருந்தவர் பெரிய டிரம்மைத் தட்டி, "இதுக்குள்ள என்ன?" என்றார்.

"காத்துதான் சார்."

"அதைத் திறந்து காட்டு!"

மெஹர் பானு முக்காட்டுக்குள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்து விட்டுவிட்டார்.

தென்காசிக்கு வந்ததும் மசூதுக்கு ஒரே நினைப்பு: ஒரு ஜாஸ் செட்டுக் கட்ட வேண்டும். கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதும் குற்றாலிங்கம் கிடைத்தான். நாடகக் கம்பெனி கலைந்து வந்த ஆவுடைநாயகம் ஆர்மோனியத்தோடு சேர்ந்தார். பட்டாளத்து பேண்டில் டிரம்பெட் ஊதிய செல்லப்பாவும் வந்தான். குத்துக்கல்வலசையில் ஒரு மாந்தோப்பில் ஒத்திகை. மெட்டு எல்லாருக்கும் சீக்கிரம் பிடிபட்டது. மெட்டை விட்டு வெளியே போவதுதான் குற்றாலிங்கத்துக்கு வரவில்லை.

"பாட்டுல இல்லாததை எப்படி அண்ணாச்சி ஊதுறது?"

"ஏலே, நீ வீட்டுக்குப் போற. ஒருநாள் தெரு வழியா போற, ஒருநாள் வாய்க்கா வழியா போற. வீடு மாறுதா? போய்ப் பாருலே!"

"வாய்க்கால்ல விழுந்தா?"

"நான் அடிச்சிக்கிட்டுதான இருக்கேன். சத்தம் கேட்டு ஏறி வா."

அவன் சிரித்தானே ஒழிய இறங்கவில்லை.

மறுவருஷம் சாரல் பருவத்துக்கு, செங்கோட்டைக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த துரைமார் குற்றாலத்தில் ஒரு பங்களா எடுத்திருந்தார்கள். மாலைத் தேநீரோடு ஆட்டம். கொழும்பில் வாசித்தவன் பக்கத்திலேயே இருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார்கள். மசூதுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாட்டுவண்டியில் கிளம்பினார்கள். இலஞ்சி தாண்டும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. மேலே போர்த்திய சாக்கு நனைந்து, உள்ளே டிரம் தோலும் நனைந்துவிட்டது. பங்களா வராந்தாவில் செட்டைப் பரப்பிப் பெரிய டிரம்மை மிதித்தான். 'தொப்'. ஈரச் சாக்கில் அடித்த மாதிரி. தணல் கொண்டுவந்து காட்டினார்கள். தோல் கொஞ்சம் இறுகும், காற்றில் அடுத்த தூறல் வரும், மறுபடி தொப். துரைமாரும் துரைசானிகளும் ஜோடியாக வந்து நின்றுவிட்டார்கள். ஒரு துரை கிராமபோனைக் கொண்டுவரச் சொன்னது மசூது காதில் விழுந்தது.

அவன் எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினான். சமையல்காரர் மைதீன் பிரியாணியை அப்போதுதான் இறக்கிவிட்டு, இன்னொரு பெரிய செம்பு தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

"பாய், இதைத் தாங்க!"

"ஏய், சோறு ஆக்குற பாத்திரம்வே அது!"

"பசிக்குத்தான் கேக்குதேன்!"

இரண்டு பேரும் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரிய டிரம்மின் மிதிகட்டையைக் கழற்றி அதன் அடியில் முட்டும்படி வைத்துக் கட்டி மிதித்தான் மசூது. 'தூம்' என்று அது எழுப்பிய சத்தத்தில் வராந்தா கூரையில் இருந்த குரங்குகள் மரத்துக்குத் தாவின. அருவி இரைச்சலுக்கும் மேலே கேட்டது அது. இடது கால் தாளத்தட்டு சேர்ந்தது, குச்சிகள் தேக்சா விளிம்பில் இறங்கின. ஜோடிகள் ஆடத் தொடங்கிவிட்டன.

அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் ஈர வேட்டியோடு மதிலோரம் வந்து கூடினார்கள். "அடி பாய், அடி!" என்று ஒருவன் கத்தினான். மெட்டு ஒரு சுற்று முடிந்தது. மசூது திரும்பி, "இப்போ இறங்குலே!" என்று கூவினான். குற்றாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினான். முதலில் தட்டுத் தடுமாறினான். பிறகு கோயில் வீதியில் கேட்டதும் கல்யாணத்தில் ஊதியதும் அவனுக்கே தெரியாததுமாக வந்து கொட்டியது. செல்லப்பா டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாய் பிளந்து நின்றான். மசூது கண்ணில் தண்ணீர். சாரல்தான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டான்.

கிராமபோன் வரவேயில்லை. இருட்டும்வரை ஆட்டம் நடந்தது. மைதீனின் தேக்சாவில் மட்டும் ஒரு குழி விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாரலுக்கும் மசூது செட்டு இல்லாமல் குற்றாலம் இல்லை. வீரகேரளம்புதூர் வரை கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். "கொட்டடிக்கவா கொழும்புக்குப் போனே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஹைருன் பீவி, பக்கத்து வீட்டில் செட்டு வாசிக்கும்போது ஜன்னல் துணியை விலக்கி, விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்ததை மெஹர் பானு பார்த்துவிட்டாள். பார்த்ததை அவள் சொல்லாத ஆள் இல்லை.

நாற்பத்தேழு ஆகஸ்டில் தென்காசியில் சுதந்திர ஊர்வலம். மாவிலையும் கொடியும் கட்டிய வண்டிமேல் முழு செட்டும் ஏறியது. காசி விசுவநாதர் கோயில் ரதவீதியில் திரும்பும்போது மசூது உற்சாகத்தில் தாளத்தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தான். அவ்வளவுதான். காளைகள் மிரண்டு பிய்த்துக்கொண்டு ஓடின.

"நிறுத்துங்கய்யா!" என்று ஆவுடைநாயகம் ஆர்மோனியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார்.

"நிறுத்தாதீய! ஊதுங்க!" என்று கத்தினான் மசூது.

காளைகளின் ஓட்டத்துக்கே தாளத்தைப் பிடித்து அவன் அடிக்க, குற்றாலிங்கம் குலுங்கிக் குலுங்கி ஊத, கொடி பிடித்தவர்கள், கடைக்காரர்கள், தறியை விட்டு வந்தவர்கள் என்று ஊர்வலம் முழுக்க ஆரவாரத்தோடு பின்னால் ஓடி வந்தது. நாலு வீதியும் சுற்றித்தான் காளைகள் மூச்சு வாங்கி நின்றன. ஜனங்கள் விடவில்லை. "இன்னொரு சுற்று!" என்றார்கள்.

மசூது முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்காரனைப் பார்த்தான்.

"என்னண்ணே, மாடு தாங்குமா?"

"மாடு தாங்கும் பாய். உங்க ஆளுகளைக் கேளுங்க."

மசூது யாரையும் கேட்கவில்லை. அடுத்த சுற்றுக்குக் குச்சியைத் தூக்கிவிட்டான்.