சரணத்துக்கு முன்னால் வைத்த கார்ட்

தேவகி தப்பாகப் பாடவில்லை. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

1. புது விரல்

அரூர் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழா. எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு. தேவகிக்கு அது முதல் மேடை. வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. "ஒரே ஒரு தடவை. சரிப்பட்டு வரலேன்னா அதோட வுட்டுரணும்" என்று சொல்லித்தான் கணவர் அழைத்து வந்திருந்தார். மேடையோரம் பைக் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

எனக்கோ வேறு அரிப்பு. ஃபோனில் வீடியோ பார்த்து ஆல்டர்டு செவன்த் கார்ட் பழகியிருந்தேன். ஜாஸ்காரர்கள் வாசிப்பது. ஈ செவன்த் என்றால் சாதாவாக ஈ, ஜி ஷார்ப், பி, டி என்று நாலு சுரத்தைச் சேர்த்து அழுத்துவது. அதில் பி-யை எடுத்துவிட்டு சி வைக்கணும், உச்சியில் எஃப். தனியாகக் கேட்டால் பல் கூசும். அப்படியே ஏ மைனரில் வந்து இறங்கினால், அடடா! விரல் படிய மூன்று வாரம் ஆனது. ஒத்திகையில் யாருக்கும் காட்டவில்லை. மேடையில் அசத்தலாம் என்று வைத்திருந்தேன். புத்தி கெட்டவன்.

2. எடுப்பு

சரணத்துக்கு முன்னால் மற்ற வாத்தியமெல்லாம் நிற்கும். கீபோர்டு மட்டும் ஒரு கார்டைப் பிடிக்கும். அதன் உச்சியில் கேட்கிற சுரம்தான் பாடுகிறவருக்கு எடுப்பு. எங்கள் குழுவில் அப்படித்தான் வழக்கம். ஒத்திகையில் உச்சியில் ஈ கொடுத்திருந்தேன்.

பல்லவியை அருமையாகப் பாடினாள். சரணம் வந்தது. புது கார்டைப் போட்டேன். உச்சியில் கேட்ட எஃப்-ஐ நம்பி எடுத்துவிட்டாள். பேஸ் கிட்டார், புல்லாங்குழல் எல்லாம் ஒரு பக்கம். அவள் அரைச் சுரம் மேலே. நாராசம். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"போதும், எறங்கும்மா!" என்று கூட்டத்தில் கத்தினார்கள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

குழு நடத்தும் மணி அண்ணன் ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு?"

"சுருதிய வுட்டுட்டாங்கண்ணா."

நான்தான் சொன்னேன். கோரஸுக்காக என் முன்னால் வைத்திருந்த மைக் ஆனில் இருந்தது. ஸ்பீக்கர் அத்தனையிலும் அது கேட்டது. கணவர் பைக்கை ஸ்டார்ட் செய்தார்.

3. பாலக்கோடு

இரண்டு வருஷம் கழித்துப் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் தேவகியைப் பார்த்தேன். தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாடறயாம்மா?"

"இல்லீங்கண்ணா. எனக்குத்தான் காது சரியில்லையே. கொழந்தையத் தூங்க வெக்கக்கூடப் பாடறதில்லீங்க. அவனும் தப்பாக் கத்துக்குவான்னு."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுகலை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமும் போட்டபடியே கேட்டாள்.

"அப்ப நான் சரியாத்தான் எடுத்தனுங்களா?"

"நான் குடுத்ததைத்தான் நீ அப்படியே எடுத்தம்மா."

அப்போதுதான் அவள் கை நின்றது.

"சுருதிய வுட்டுட்டாங்கன்னு ஊரே கேக்கறாப்பல சொன்னீங்க. இதை மட்டும் எங்கிட்ட தனியா வந்து சொல்றீங்க."

அன்றே அவள் கணவரையும் போய்ப் பார்த்தேன். "இப்ப எதுக்குங்க அதெல்லாம்" என்றார்.

கீபோர்டு வாசிக்கிற தம்பி தங்கைகளே, ஆல்டர்டு கார்டைப் பழகுங்கள். நல்ல கார்ட்தான். ஆனால் ஒருத்தர் எடுப்புக்குக் காத்திருக்கும் இடத்தில் சாதா ஈ செவன்த், உச்சியில் ஈ. அதையும் மீறித் தப்பு செய்துவிட்டால், அந்தப் பாட்டு முடிவதற்குள் மைக்கிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்த பிறகு சொன்னால் யாருக்கும் உதவாது.