லேடீஸ் ஓட்டின வண்டி

மங்கையர்க்கரசி ஒரு கத்தரிக்காய் வாங்கினாலும், அது எந்தத் தோட்டத்துக் காய் என்று கேட்டுத்தான் வாங்குவாள். புனே பக்கத்துத் தேஹு ரோடு மார்க்கெட்டில் காய் விற்கும் மராத்திக்காரப் பெண்கள் அவளைத் தூரத்தில் கண்டதுமே, போலீஸ் வருகிறது என்று ஒருவரையொருவர் இடித்துச் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கேட்பாள். வந்த வழி தெரியாத பொருளை வீட்டுக்குள் வைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சுவாமி கொடுத்த குணம், யார் மாற்ற முடியும்?

அப்படிப்பட்டவள் கார் வாங்கக் கிளம்பினால் சும்மா இருப்பாளா?

கார் வேண்டும் என்பது ஆசைக்காக இல்லை. இட்லி மாவுக்காக. வீட்டிலேயே அரைத்து, சனிக்கிழமைதோறும் புனேவின் மறுகோடியான கராடியில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். லோக்கல் ரயிலில் புனே ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. குளிர்காலத்தில் மாவு சொன்ன பேச்சைக் கேட்கும். வெயில் காலத்தில் கேட்காது. போன சித்திரையில், சிவாஜி நகர் வருவதற்குள் ஒரு டப்பாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, எதிரே நின்ற ஒரு பெரிய மனிதரின் ஷூவில் வழிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கராடிக்காரர்களும் பதமாகத்தான் சொன்னார்கள். இந்த வெயில் காலத்திலும் மாவு புளித்து வந்தால் கடைப் பாக்கெட்டுக்கு மாறிவிடுவோம் என்று. அதனால் வெயில் ஏறுவதற்குள் ஒரு வண்டி வேண்டும். சீட்டுப் பணத்தில் ஒரு பழைய வண்டிதான் வாங்க முடியும். அது சொத்தையாகப் போனால் இன்னொன்றுக்கு வழியில்லை. லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தது. பெண்களுக்கு மட்டும் டிரைவிங் கற்றுத்தரும் ஷபானாவிடம் பழகி வாங்கியது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் ரவிசந்திரனுடன் விமான் நகரில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் போனாள். வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன வண்டி, நேற்றுத்தான் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது.

"லேடி டிரிவன் ஹை, பாபி. ஏக் ஹி லேடி!" என்றார் டீலர். அண்ணி, ஒரே ஒரு பெண்மணி ஓட்டிய வண்டி என்று.

"கௌன் லேடி?" எந்தப் பெண்மணி என்று கேட்டாள் மங்கை.

டீலர் இத்தனை வருட வியாபாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலும்.

"ஏ மங்கை, காடியப் பாரு," என்று பல்லைக் கடித்தார் ரவிசந்திரன். ராணுவ டிப்போவில் வேலை செய்பவர், வண்டியை அங்கே பழகியபடி காடி என்பார், நாலு பேர் முன்னால் பேச்சு வளர்ந்தால் கூச்சப்படுவார். "ஓட்டினவங்களப் பாத்து இன்னா பண்ணப் போற? பொண்ணா எடுக்கப் போற?"

"அதோட குணம் அவங்களுக்குத்தானேங்க தெரியும்?"

அவள் அதையே இந்தியில் சொன்னதும் டீலர் சிரித்துவிட்டார். அந்த வண்டி அவருடையதும் இல்லை. வண்டியின் சொந்தக்காரி விற்றுத்தரச் சொல்லி நிறுத்தியிருக்கிறாள். போன் போட்டுப் பேசிவிட்டு, "மதராஸி ஹி ஹை, ஜாவ்," என்றார்; உங்கள் மதராஸிப் பெண்தான், கராடியில் இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்று விலாசம் கொடுத்தார்.

அவள் பெயர் ஸ்ரீவித்யா. கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "வாங்க்கா, வாங்கண்ணா," என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

மங்கை ஆரம்பித்தாள். மழையில் கண்ணாடி எவ்வளவு நேரம் மங்கலாகவே இருக்கும்? ஏ.சி. போட்டால் மேடு ஏறத் திணறுமா? ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் எது வரைக்கும் தெரியும்?

ஸ்ரீவித்யா எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்குமுங்க" என்றாள். பிறகு காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க்கா, உங்ககிட்டப் பொய் சொல்ல வரலீங்க. அந்த வண்டிய நான் ஓட்டவே இல்ல."

வாங்கிய முதல் வாரத்தில் பைபாஸ் சிக்னலில் எஞ்சின் அணைந்துவிட்டதாம். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஒருவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, வீட்டுக்குப் போய் ரொட்டி சுடு என்றானாம். அன்றைக்கு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நிறுத்தி உறையைப் போட்டவள்தான். இரண்டு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை.

ரயிலில் திரும்பும்போது மங்கைக்கு மண்டையைக் குடைந்தது. ஓடாத வண்டி புதுசு மாதிரிதானே? இல்லையா? ஷபானாவுக்கு போன் போட்டாள்.

"ஷபானா, ரெண்டு வருஷம் சும்மா நின்ன வண்டி ஊறுகா மாதிரியா, மாவு மாதிரியா?"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "மாவு மாதிரிதான் அக்கா, நின்னா கெடும். ஆனா எல்லா வண்டியும் கெட்டிருக்காது. நீ போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு டீலர்கிட்ட சொல்லிடு. போனதும் பானட்ல, அதான் எஞ்சின் மூடியில, கைய வை. சூடா இருந்தா எதையோ மறைக்கறான்னு அர்த்தம். ஜில்லுனு இருக்கிற எஞ்சின்தான் தன் இருமலக் காட்டும். டயர்ல வெடிப்பு பாரு. வயர எலி கடிச்சிருக்கா பாரு. அப்புறம் இன்னொண்ணு, அவன் சொல்றது புரியலன்னா தலைய ஆட்டாதே, புரியலன்னு சொல்லு. நம்ம பொம்பளைங்க ஏமார்றது அந்தத் தலையாட்டல்லதான்."

அடுத்த ஞாயிறு ஸ்ரீவித்யாவையும் வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். பானட் ஜில்லென்று இருந்தது. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு நிதானமானது. பிரேக் கரகரத்தது, துரு, நாலு சுற்று சுற்றினால் போய்விடும் என்றார் டீலர். டயர்கள் மட்டும் குதிகால் போல் வெடித்திருந்தன. "மாத்திக் கொடுத்துடறேனுங்க," என்றாள் ஸ்ரீவித்யா. ஏ.சி.யைப் போட்டதும் மங்கையின் முகத்தில் மார்கழிக் காற்று அடித்தது. பின்சீட்டில் டப்பாக்களை எப்படி அடுக்குவது என்றுகூட மனதுக்குள் பார்த்துவிட்டாள். முருகா, இதுதான் நீ காட்டின வண்டி.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

"ரிவர்ஸ்ல எது வரைக்கும் தெரியும்னு அன்னைக்கு நீ சொல்லலியே. உக்காந்து பாத்துச் சொல்லும்மா. நீயும் என் உயரந்தான்."

ஸ்ரீவித்யா உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். மங்கை பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஸ்ரீவித்யா வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, கேட்டருகே கொண்டுவந்ததும் எஞ்சின் அணைந்தது.

"அணைஞ்சா மறுபடி போடு. பின்னாடி யாரு நிக்கறாங்க? முருகன்தான் நிக்கறான், அவன் ஹாரன் அடிக்கமாட்டான்."

மறுபடி போட்டாள். அந்தத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். யாரும் சொல்லாமலே இன்னொரு சுற்று. பிறகு இன்னொன்று. வண்டி நின்ற பிறகும் அந்தப் பெண் ஸ்டியரிங்கை விடவில்லை. மங்கை அந்தக் கைகளைப் பார்த்தாள். கேட்காமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"குடுக்க மனசு இருக்காம்மா?"

"இல்லீங்க்கா. மன்னிச்சுக்குங்க," என்றாள் ஸ்ரீவித்யா.

டீலர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரவிசந்திரன் வழியெல்லாம் புலம்பினார். "கேட்டுக் கேட்டு, கைக்கு வந்த காடியத் திருப்பி அனுப்பிட்ட! இப்ப மாவை எதுல கொண்டு போவ, வாயிலயா?"

மங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரமே வெயில் சுட ஆரம்பித்தது.

விஷயத்தைக் கேட்ட ஷபானா மறுநாளே வீட்டுக்கு வந்தாள். புது வண்டி எடுக்கப் போகிறாளாம், கிளாஸுக்கு ஓட்டும் பழைய வண்டியைக் கொடுத்துவிடுவாளாம்.

"டிரைவிங் ஸ்கூல் காடியா!" என்று எழுந்துவிட்டார் ரவிசந்திரன். "அதைப் போயி யாராச்சும் வாங்குவாங்களா? பாதி தேஹு ரோடு அதுமேல ஏறி மிதிச்சிருக்கு!"

"ஆமா அண்ணா. அத்தனையும் லேடீஸ்," என்றாள் ஷபானா.

மங்கை கேட்பதற்கு முன் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். கிளட்ச் பிளேட் தீபாவளிக்குத்தான் மாற்றியது. குளிர்ந்த காலையில் இரண்டாவது கியர் முனகும், பயப்பட வேண்டாம். ஏ.சி. நன்றாக இருக்கிறது. பயிற்சிக்காகத் தன் பக்கம் வைத்திருந்த இரண்டாவது பிரேக்கைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள்.

"இடது கதவுல அந்த நசுங்கல்?" என்றாள் மங்கை. "அது யாரு?"

ஷபானா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். "வாட்டர் டேங்க் சுவரு ஞாபகம் இருக்கா? நீதான் அக்கா!"

ரவிசந்திரனே சிரித்துவிட்டார்.

மாரியம்மன் கோயில் முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி கிளம்பியது. பங்குனிச் சனிக்கிழமை ஒன்றில், நல்ல வெயிலில், மாவு ஒரு பொட்டுக்கூடப் பொங்காமல் கராடி போய்ச் சேர்ந்தது. வண்டியை எங்கே விடுவது என்று மங்கை அபார்ட்மெண்ட் வாட்ச்மேனைக் கேட்டாள். அவர் பேஸ்மெண்டில் ஒரு காலி இடத்தைக் காட்டினார்.

"இது யாரோட இடம்?"

"ஸ்ரீவித்யா மேடமோடது. காலையிலயே காடி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

தரையில் நாலு டயர் நின்ற தடம் தூசிக்கு நடுவே அப்படியே இருந்தது. மங்கை தன் வண்டியை மெல்ல ரிவர்ஸ் எடுத்து, அந்தத் தடத்தின்மேல் நிறுத்திவிட்டு, டப்பாக்களை இறக்கினாள்.