பதினாறு பீரங்கிக் கப்பல்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாடை இன்றைக்கும் என் விரல் இடுக்கில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டோடு சேர்ந்த "தீப்பெட்டி ஆபீஸ்", எங்கய்யாவுடையது; அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எட்டு வயதில் அங்கே உட்கார்ந்து பெட்டி பெட்டியாக லேபிள் ஒட்டியவள் நான். கடலைக் கண்டதில்லை. கரிசல் வெடிப்பில் கால் பதித்து நடந்த எனக்குக் கப்பல் என்றால், அந்த லேபிளில் இரண்டு விரல் அகலத்துக்கு நின்ற போர்க்கப்பல்தான்.

அதில் ஆறு பீரங்கி. அடுத்த தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த என் தாய்மாமன், அதே வருஷம் பத்துப் பீரங்கிக் கப்பலை லேபிளாகப் போட்டுவிட்டார். வியாபாரம் இரண்டு பேருக்கும் நன்றாகத்தான் நடந்தது, பேச்சுதான் நின்றுபோயிற்று. அதில் மாட்டிக்கொண்டது என் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்களில் காது குத்துவார்கள். ஐயா கூப்பிடவில்லை, மாமன் வரவில்லை. "ஏட்டி மூளி, ஒனக்கு மாமன் செத்துப் போயிட்டாராட்டி?" என்று கூட ஒட்டும் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் பசைச் சட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

அந்தச் சமயம், பழைய பேப்பர்க் கடை பாயிடம் வாங்கிய காகிதக் கட்டுக்குள் தடித்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. உள்ளே மடித்து வைத்த தாள்களை விரித்தால் கோரைப்பாய் நீளத்துக்குக் கப்பல்கள். பள்ளிக்கூடத்து மரியா டீச்சர் வந்து வாசித்துச் சொன்னார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பிரேசில் என்றொரு நாடு, காப்பிக்கொட்டையும் ரப்பரும் விற்ற பணத்தில் பன்னிரண்டு பெரும் பீரங்கி வைத்த கப்பல் இரண்டு வாங்கியதாம். பக்கத்து நாடான அர்ஜென்டினா பொறுக்காமல் அதைவிடப் பெரிதாக இரண்டு கட்டச் சொன்னதாம். சிலியும் சும்மா இருக்கவில்லையாம். உடனே பிரேசில் இன்னும் பெரிது, இன்னும் பெரிது என்று படத்துக்கு மேல் படமாக வரைந்து வாங்கியதாம்.

"இதுல பதினாலு பீரங்கி இருக்கு பாருங்க, இதக் கட்டும்போதே கைமாத்தி வித்துட்டாங்க. இந்தா இந்தப் பெரிய படங்கள்லாம் கட்டவே இல்ல, அண்ணாச்சி. தாளோட சரி" என்று டீச்சர் ஐயாவிடம் விரித்துக் காட்டினார்கள்.

கட்டாத கப்பலுக்கு இத்தனை ஜன்னலா, இத்தனை ஏணியா! எந்த மனுஷனும் ஏறாத ஏணிக்கு ஒருவர் உட்கார்ந்து படி படியாகக் கோடு போட்டிருக்கிறாரே என்று வாயைப் பிளந்து நின்றேன். ஐயாவுக்கு வேறு யோசனை. "பதினாலுதானா? நான் பதினாறு வைக்கேன். அவன் வாயடைச்சுப் போவட்டும்" என்று லேபிள் அச்சடித்த முழுத் தாளின் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் மூன்று நாள் வரைந்தார்.

நான்காம் நாள், அச்சுக்குப் போகுமுன், அந்தப் படத்தைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு மாமன் ஆபீசுக்கு ஓடினேன். இதைக் கண்டால் மாமன் மிரண்டு, தோற்றேன் என்று வந்துவிடுவார் என்பது என் கணக்கு.

மாமன் படத்தை வெயிலில் விரித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏட்டி, ஒங்கய்யா பீரங்கியா அடுக்குன அவசரத்துல புகைபோக்கியையே மறந்துட்டாவளே! நெருப்பு யாவாரம் பண்ணுதவிய கப்பல்ல புகை போக வழி இல்லையா?"

ஐயாவை ஊர் சிரிக்க நானே காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று அழத் தொடங்கினேன். மாமன் பார்வை என் வெறுங்காதில் வந்து நின்றது. சிரிப்பு அடங்கியது. ஒரு குச்சியை உரசி, ஊதி அணைத்து, அந்தக் கரியாலேயே இரண்டு புகைபோக்கி வரைந்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அத்தான், இப்ப ஓடும் ஒங்க கப்பல்."

ஐயா படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. நான் பயந்ததற்கு மாறாக அவரும் சிரித்தார். "ஒன் பத்துப் பீரங்கிக் கப்பல்ல நங்கூரம் எங்கல மாப்ள? கப்பல நிறுத்த கயித்தால தென்னமரத்துல கட்டுவியோ?"

அடுப்படியில் நின்ற அம்மா இரண்டு பேருக்கும் காப்பி போட்டாள். அடுத்த முகூர்த்தத்தில் மாமன் மடியில் எனக்குக் காது குத்தினார்கள். பதினாறு பீரங்கி லேபிள் அச்சுக்குப் போகவே இல்லை, கேட்பாரும் இல்லை.

ஐயாவின் ஆபீஸ் இருந்த இடம் இப்போது கல்யாண மண்டபம். மாமன் ஆபீசில் லாரி நிற்கிறது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மூன்று நாடுகளும் வாங்கிய கப்பல்களைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்களாம், பேத்தி செல்லில் பார்த்துச் சொன்னாள். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான்; ஆனால் கட்டாத கப்பல் ஒன்று என் டிரங்குப் பெட்டியில் துருப்பிடிக்காமல் இருக்கிறது. யார் கேட்டாலும் விரித்துக் காட்டுவேன், தொட விடமாட்டேன். மாமன் போட்ட கரிப் புகைபோக்கி விரலோடு வந்துவிடும்.